‘வெளிநாட்டிலேயே தடை செய்துவிட்டார்களாமே?’ – ஒரு தாயின் கேள்வியும் மனநல மருத்துவரின் பதிலும்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 12 வயதில் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு விழாவுக்காகத் தெருமுனையில் வைத்த பேனரை அவளே கிழித்துப் போட்டாள். வெட்கத்தில் செய்கிறாள் என்று அப்போது நினைத்தோம். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு, ‘நான் பொண்ணு இல்லம்மா, பையன்’ என்று அழுதாள். மார்பை கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே போவதில்லை. ஹார்மோன் ஊசி போட வேண்டும் என்று கேட்கிறாள். வெளிநாட்டிலேயே இந்தச் சிகிச்சையைத் தடை செய்துவிட்டார்கள் என்று என் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். சிகிச்சை கிடைக்காத பிள்ளைகள் செத்துப்போகிறார்கள் என்று அவள் யூடியூபைக் காட்டுகிறாள். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. சிறு வயதிலிருந்து அவளை ‘வாடா, போடா’ என்று கொஞ்சியவர், விஷயம் தெரிந்த நாளிலிருந்து வேண்டுமென்றே ‘வாடி’ என்று அழுத்திக் கூப்பிடுகிறார். ஊருக்கு வெளியே ஒரு மையத்தில் மூன்று மாதம் விட்டுவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் நாத்தனார். யார் சொல்வதை நம்புவது, டாக்டர்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ‘மகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அழுதுகொண்டிருப்பவர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. இருவரையும் காயப்படுத்தாத ஒரு சொல் தமிழில் இருப்பதால், இந்தப் பதில் முழுவதும் ‘பிள்ளை’ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்த மையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரமானது அது ஒன்றுதான். எக்காரணம் கொண்டும் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். ஒருவருடைய பாலின அடையாளத்தை மாற்றிவிடுவதாகச் சொல்லி நடத்தப்படும் ‘சிகிச்சை’களைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் உத்தரவிட்டார். அப்படிச் செய்யும் மருத்துவர் தொழில்முறை ஒழுங்கை மீறியவர் ஆவார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. அடித்தோ, பூட்டிவைத்தோ, தூக்க மருந்து கொடுத்தோ, மந்திரித்தோ இந்த உணர்வு மாறியதாக நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகளை என் அறையில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் மாறியிருந்தது ஒன்றுதான்: பெற்றோரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தார்கள். உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து அழுததே, அது இன்று உங்கள் கையில் இருக்கும் பெரிய மருந்து. அதை மூன்று மாதத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் தம்பி அனுப்பும் செய்திகள். அவர் முழுப் பொய்யை அனுப்பவில்லை. பாதியை வெட்டி அனுப்புகிறார். ‘ஜெண்டர் டிஸ்ஃபோரியா’ என்று மருத்துவர்கள் சொல்வது, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்கும் மனம் உணரும் பாலினத்துக்கும் பொருந்தாமல் போவதால் எழும் கடும் உளைச்சலை. அந்த உளைச்சலோடு வரும் சிறுவயதினருக்கு, பருவ வளர்ச்சியையே தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஊசி போடும் முறையை 1990களில் நெதர்லாந்து மருத்துவர்கள் உருவாக்கினார்கள். மருந்து புதிதல்ல. ஆறு, ஏழு வயதிலேயே பூப்படையும் குழந்தைகளுக்கு 1980களிலிருந்து அதே ஊசி போடப்படுகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கும் விதைப்பைக்கும் அனுப்பும் கட்டளையை அது நிறுத்திவைக்கிறது. ஊசியை விட்டால் கட்டளை மறுபடியும் தொடங்கிவிடும். நெதர்லாந்து முறையில் 12 வயதளவில் இந்த ஊசி, 16 வயதில் மனம் உணரும் பாலினத்துக்கான ஹார்மோன், 18 வயதுக்குப் பிறகே அறுவை சிகிச்சை என்று படிகள் வைத்தார்கள். 2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட 70 இளையோரிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. உடலைப் பற்றிய உளைச்சல் மட்டும் குறையவில்லை.

அந்த 70 பேர் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மிகச் சிறு வயதிலிருந்தே உளைச்சல் இருந்தவர்கள், வேறு பெரிய மனநலச் சிக்கல் இல்லாதவர்கள், குடும்பம் கூடவே நின்றவர்கள். பிறகு பல நாடுகளில் கிளினிக் வாசலுக்கு வந்த கூட்டம் வேறு மாதிரி இருந்தது. இங்கிலாந்தில் 2011–12இல் 250க்கும் குறைவானவர்களே சிறுவயதினருக்கான அரசுப் பாலினச் சேவைக்கு அனுப்பப்பட்டார்கள். 2021–22இல் அந்த எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்ணாகப் பிறந்து, பதின்ம வயதில் முதல்முறையாக இதைப் பேசத் தொடங்கியவர்கள். மனச்சோர்வும் ஆட்டிசமும் பதற்றமும் பலரிடம் கூடவே இருந்தன. பழைய 70 பேரின் முடிவை இந்தப் புதிய ஆயிரங்களுக்கு அப்படியே பொருத்தலாமா என்பதுதான் விவாதத்தின் முடிச்சு.

குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் தலைமையில் இங்கிலாந்து நடத்திய மறுஆய்வின் இறுதி அறிக்கை 2024 ஏப்ரலில் வந்தது. அதற்காக யார்க் பல்கலைக்கழகத்தினர், அதுவரை வந்திருந்த ஆய்வுகளை முறைப்படி அலசி, பருவத்தை நிறுத்தும் ஊசிக்கான சான்று பலவீனமானது என்று முடிவு சொன்னார்கள். ‘பலவீனமான சான்று’ என்றால் மருந்து தீங்கானது என்று நிரூபணமாகிவிட்டதாக உங்கள் தம்பி படிக்கிறார். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு, பலன் எவ்வளவு, தீங்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லுமளவுக்கு ஆய்வுகள் நன்றாக நடத்தப்படவில்லை என்றே பொருள். எலும்பின் அடர்த்தி ஏறவேண்டிய வயதில் அது தடைபடுகிறது என்பது நன்றாகவே தெரியும். ஊசியைத் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்து ஹார்மோனுக்குப் போகிறார்கள் என்பதும் தெரியும். சரியானவர்களைத் தேர்ந்ததால் அப்படியா, ஊசியே அந்தப் பாதையில் தள்ளிவிடுகிறதா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். பிரிட்டன் 2024 மே மாதம் அவசர ஆணையாகக் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு டிசம்பரில் காலவரையின்றி நீட்டித்தது. ஃபின்லாந்து 2020இலும் ஸ்வீடன் 2022இலும், விதிவிலக்கான நேர்வுகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டன.

இவ்வளவும் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். வராமல் விடுபட்டதையும் சொல்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், இந்தச் சிகிச்சையை ஆதரிக்கும் தன் நிலைப்பாட்டை 2023இல் மறுபடியும் உறுதி செய்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் மருத்துவ அமைப்புகள் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிள்ளைக்குப் பிள்ளை ஆராய்ந்து எச்சரிக்கையோடு கொடுக்க இடம் வைத்திருக்கிறது. காஸ் அறிக்கையும், 16 வயதிலிருந்து ஹார்மோன் கொடுப்பதை மிகுந்த எச்சரிக்கையோடு செய்யலாம் என்றே சொன்னது. இந்தப் பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்று எங்குமே சொல்லவில்லை. அமெரிக்காவில் இது மருத்துவர் கையை விட்டு அரசியல்வாதிகளின் கைக்குப் போய்விட்டது. டென்னசி மாநிலத்தின் தடைச் சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு, சட்டமியற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கானது. மருந்து நல்லதா கெட்டதா என்று அந்த நீதிபதிகள் முடிவு சொல்லவில்லை.

என் நிலையைக் கேட்டால், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஊசியைப் போடும் விஷயத்தில் நான் வட ஐரோப்பியர்களின் தயக்கத்தோடுதான் நிற்கிறேன். ஆனால் அந்தத் தயக்கத்தை எடுத்துவந்து, ‘பார்த்தாயா, எல்லாமே பொய்’ என்று பிள்ளையின் முகத்தில் எறிகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இதில் உங்களுக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப் அனுப்புகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் பிள்ளை பூப்படைந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நிறுத்திவைப்பதற்கான பருவ வளர்ச்சி பெருமளவு முடிந்துவிட்டது. ஆகவே உலகம் சண்டை போடும் அந்த ஊசி, உங்கள் வீட்டுக் கேள்வியே அல்ல. உங்கள் முன் இருப்பவை வேறு: இந்த உணர்வு நிலைத்து நிற்கிறதா, இப்போது படும் வேதனையை எப்படிக் குறைப்பது, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பற்றி எப்போது, யாரோடு பேசுவது.

பிள்ளை காட்டிய யூடியூபுக்கும் பதில் சொல்ல வேண்டும். பாலின உளைச்சல் உள்ள இளையோரிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. அலட்சியம் செய்ய வேண்டாம். ஆனால் ‘ஊசி இல்லையென்றால் சாவு’ என்ற கணக்கைச் சான்றுகள் தாங்கவில்லை. இங்கிலாந்தில் ஊசிக்கு நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த பிறகு மரணங்கள் பெருகிவிட்டன என்று எழுந்த பேச்சை, தற்கொலைத் தடுப்பு ஆலோசகரான பேராசிரியர் லூயிஸ் ஆப்பிள்பி 2024இல் ஆராய்ந்தார். முந்தைய மூன்று ஆண்டுகளில் 5, பிந்தைய மூன்று ஆண்டுகளில் 7 என்று இருந்த எண்ணிக்கை, அந்தப் பேச்சுக்கு ஆதாரம் ஆகாது என்றார். அப்படிப் பேசுவதே மனமுடைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து என்றும் எச்சரித்தார். நீங்கள் செய்ய வேண்டியது, ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்பது. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம், வராது. ‘ஆமாம்’ என்ற பதில் வந்தால், அன்றே பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்து, கிழிக்கப்பட்ட பேனர். பல தாய்மார்கள் இப்படி ஒரு காட்சியைச் சொல்லி, ‘அப்பவே தெரிஞ்சிருக்கணும்’ என்று தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள். பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து எடுத்த படத்தை மின்கம்பத்தில் கட்டி, தன் மாதவிலக்கைத் தெருவுக்கே அறிவிப்பதை வெறுக்கும் பெண் குழந்தைகள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குப் பாலின உளைச்சல் கிடையாது. நேற்றுவரை வியாசர்பாடி மைதானத்தில் பையன்களோடு பந்து விளையாடிய ஒரு பெண்ணிடம், இன்றிலிருந்து துப்பட்டா போடு, வாசலில் நிற்காதே, சத்தமாகச் சிரிக்காதே என்றால், பெண்ணாக இருப்பதே தண்டனை என்று அவளுக்குத் தோன்றாமல் எப்படி இருக்கும்? அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல், நடை உடை விருப்பங்களை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வரக் கூடாது என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில், பாலினப் பொருத்தமின்மை மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது என்பதையும் உங்கள் நாத்தனாரிடம் சொல்லலாம்.

எனவே ஒரு மனநல மருத்துவர் உங்கள் பிள்ளையிடம், பேனரை ஏன் கிழித்தாய் என்பதைவிட, தன் உடலை நினைக்கும்போது எது தாங்கமுடியவில்லை, தனியாக இருக்கும்போதும் அப்படித்தானா, எத்தனை காலமாக, பத்து வருடம் கழித்து உன்னை எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்பார். மனச்சோர்வு, ஆட்டிசம், யாராவது தவறாக நடந்துகொண்ட வலி ஆகியவையும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அப்படி ஏதாவது இருந்தால், ‘அதனால்தான் இது’ என்று உடனே முடிச்சுப் போடவும் மாட்டார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இது ஒரே நாளில் முடியாது, பல மாதங்கள் ஆகும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் நான் தொழில் தொடங்கிய புதிதில், காசிமேட்டுக் குடும்பம் ஒன்று இதே போன்ற பதினாறு வயதுப் பிள்ளையை அழைத்துவந்தது. ‘இந்த வயசுல இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த சந்திப்புக்குத் தேதி கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு வீட்டை விட்டுப் போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து, தாடியோடு, மஞ்சள் பூத்த கண்களோடு ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்து, ‘என்னை ஞாபகம் இருக்கா சார்?’ என்றார். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைகளை அளவு தெரியாமல் விழுங்கிக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருந்தார். லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும், கிளினிக்குகள் அவசரப்பட்டுவிட்டனவா என்று விவாதிக்கிறார்கள். நம் பகுதியில் அவசரப்படுவதற்குப் பிள்ளைகளுக்கான கிளினிக்கே அரிது. கதவைச் சாத்தினால், பிள்ளை மருந்துக் கடையிலும் ஜிம்மிலும் போய் நிற்கிறது. எதிர்த் திசையில் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டு மாதாமாதம் வந்து பேசிய ஒரு பிள்ளை, மருந்து எதுவும் இல்லாமலே, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, தான் பெண்தான் என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் சந்திப்பில் இருவரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். என்னால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது.

காத்திருக்கும் இந்த மாதங்களில் வேதனையைக் குறைக்க நிறையச் செய்யலாம். கிரேப் பேண்டேஜை முதலில் நிறுத்த வேண்டும். மூச்சு விடும்போது அது இன்னும் இறுகும். விலா எலும்பில் வலி வரும், தோல் புண்ணாகும், இந்தச் சென்னை வெயிலில் படை வரும். அளவான, இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றை எம்.சி. ரோட்டில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மேலே தளர்ந்த சட்டை போடட்டும். இரவில் எதுவும் வேண்டாம். நீங்களே வாங்கிக் கொடுத்தீர்கள் என்பது அந்தத் துணியைவிட நன்றாக வேலை செய்யும். முடி வெட்டிக்கொள்ளக் கேட்டால் வெட்டிவிடுங்கள், முடி மறுபடியும் வளரும்.

மாதவிலக்கை நிறுத்திவைக்க, புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகள் இருக்கின்றன. அதிக ரத்தப்போக்குக்கு மகளிர் மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் மருந்துதான். விட்டுவிட்டால் மாதவிலக்கு திரும்பிவிடும். பள்ளியை விடாமல் இருக்க இது மட்டுமே போதுமானதாக இருக்கலாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் கர்ப்பிணிகள் வரிசையில் இந்தப் பிள்ளையை உட்காரவைப்பது கொடுமையாகிவிடலாம். கூட்டம் குறைந்த நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பள்ளியில் கழிவறைக்குப் போக அஞ்சி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

டெஸ்டோஸ்டிரோனைப் பற்றி உங்கள் பிள்ளையிடம் மறைக்காமல் பேசுங்கள். குரல் உடையும், முகத்தில் முடி வளரும். மருந்தை விட்டாலும் இந்த இரண்டும் பழையபடி திரும்பாது. பிற்காலத்தில் குழந்தை பெறும் வாய்ப்பையும் பாதிக்கலாம். ரத்தம் தடிக்கிறதா என்று அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். 18 நிறையாத பிள்ளைக்கு, பெற்றோரின் ஒப்புதலும் மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர் இருவரின் மதிப்பீடும் இல்லாமல் பொறுப்புள்ள யாரும் அதைத் தொடங்க மாட்டார்கள். ‘உனக்கு எப்பவுமே கிடையாது’ என்று சொல்லாதீர்கள். ‘பரீட்சை முடியட்டும், டாக்டரோட சேர்ந்து பேசலாம்’ என்று தேதி வைத்துச் சொல்லுங்கள். நாள் குறித்த காத்திருப்பைப் பிள்ளைகள் தாங்குவார்கள். தமிழ்நாட்டில் 2008இலேயே மாற்றுப் பாலினத்தவருக்கான நல வாரியம் வந்தது, வயது வந்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவை சிகிச்சையும் இலவசம் என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னால், 18 என்பது சுவராகத் தெரியாமல் வாசலாகத் தெரியும்.

உங்கள் கணவரைப் பற்றி. வீட்டை விட்டு வரும் திருநங்கைகளுக்கு ஜமாத் என்ற அமைப்பாவது உண்டு. அம்மா என்று அழைக்க ஒருவர் கிடைப்பார். பெண்ணாகப் பிறந்து ஆணாக உணரும் திருநம்பிகளுக்கு நம் ஊரில் அப்படி ஒரு கூடு அநேகமாக இல்லை, வீடு மட்டும்தான். பெயரையும் விளிப்பையும் மாற்றுவதுகூட ஒரு தலையீடுதான், அவசரம் வேண்டாம் என்று காஸ் அறிக்கை, முக்கியமாகச் சிறு பிள்ளைகள் விஷயத்தில், எச்சரிக்கிறது. நானும் ஊருக்கெல்லாம் புதுப் பெயரை அறிவிக்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் விளிப்பை மாற்றியவர் அப்பாதான். பதினான்கு ஆண்டுகளாக ‘வாடா’ என்று கூப்பிட்டது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. வடசென்னையில் எத்தனையோ அப்பாக்கள் பெண் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பழையபடி கூப்பிடச் சொல்லுங்கள். அதற்காக அவர் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

வரும் வாரத்தில் ஒரு நாள் காலையில் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்கு மூவருமாகப் போங்கள். அவருக்கு ஷிஃப்ட் இருந்தால் நீங்கள் இருவர் மட்டும் போங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஓ.பி. சீட்டில் ஆதாரில் உள்ள பெயரைத்தான் எழுதுவார்கள். வரிசையில் அதைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். அதைப் பிள்ளையிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும், ‘இந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடணும்னு அதுகிட்டயே கேளுங்க டாக்டர்’ என்று நீங்கள் சொல்லுங்கள்.